பக்கத்து ஸ்டூல்

மட்டாஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்புள்ள ஸுப்ரியா மேடம் அவர்களுக்கு,

உங்களோடு கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கதுரையின் மனைவி வீரலட்சுமி எழுதுவது. இங்கே நானும் இவரும் மகள் பொன்மணியும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. தினமும் உங்கள் குரல் எங்கள் வீட்டில் கேட்கிறது. போன வாரம் உங்களுக்கு ஜலதோஷம் இருந்தது, நேற்றிலிருந்து தேவலை.

வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு காஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று உங்களிடம் சொல்லிவிட்டு இவர் கீழே இறங்கிப் போனார். லேப்டாப் திறந்தபடியே இருந்தது. நீங்கள் இருவரும் சேர்ந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த அந்தப் பக்கத்தில், இவர் பெயரில், பெங்களூருக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் அடித்தது நான்தான். நீங்கள் உடனே கண்டுபிடித்துவிட்டீர்கள். சேச்சியா என்று கேட்டீர்கள். அடுத்த வரியில், சேச்சிக்கு இஷ்டமில்லை என்றால் நான் அவரைக் கூப்பிடவே மாட்டேன், சேச்சி சொன்னால் போதும் என்று எழுதினீர்கள். நான் பதில் அடிப்பதற்குள் சிலிண்டர் படியேறி வந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

உங்கள் நம்பர் இவர் போனில் இருக்கிறது. எடுத்திருக்கலாம். புருஷன் போனைத் துழாவி ஒரு பெண்ணின் நம்பரை எடுக்கிற ஆளாக நான் ஆகிவிடக் கூடாது என்று ஒரு வீம்பு. பாலக்காட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய வடாம் பார்சலின் அட்டையில் முகவரி இருந்தது. அதனால் கடிதம்.

உங்களுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க மலையாளம்தான் சுலபம் என்று இவர் சொல்லியிருக்கிறார். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதலாம்தான். ஆனால் ஆங்கிலத்தில் எனக்குப் பொறாமைப்படத் தெரியாது. ஆகவே இதை உங்கள் அம்மா கமலாக்ஷி அவர்கள் உங்களுக்கு வாசித்துக் காட்டும்படி ஆகலாம். அம்மா, வணக்கம். வடாம் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் என் கஷ்டம். உங்கள் மகள்மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு ஏதாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் வீடு பஜார் ரோட்டில், சுக்கு மண்டிக்கு மேல் மாடியில் இருக்கிறது. இரண்டே அறைகள். முன்னறையில் இவர் மேஜை, பின்னால் என் அடுப்படி, நடுவில் ஒரு திரைச்சீலை. நான் மண்டிகளில் வேலை செய்பவர்களுக்கு மதியச் சாப்பாடு பார்சல் செய்து கொடுக்கிறேன். இவர் வாரத்தில் இரண்டு நாள் இடப்பள்ளி ஆபீசுக்குப் போவார், மற்ற நாள் வீட்டிலிருந்துதான் வேலை. ஹெட்போன் போட்டால் காது வலிக்கிறதாம். ஆகையால் உங்கள் மீட்டிங் முழுவதும் என் சாம்பாரில் விழுகிறது. காலையில் ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று ஒப்பிப்பீர்களே, அதை நான் மனப்பாடமாகவே சொல்லுவேன். எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் ஆகாது. உங்கள் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை ஆகாது, அன்றைக்குப் புது புரோகிராம் எதையும் ஏற்றிவிட்டால் சனி ஞாயிறு அழ வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்புறம் நீங்களும் இவரும் மட்டும் உட்காருவீர்கள். ஒரே பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து எழுதுவது. ஒருவர் அடிக்க, மற்றவர் வழி சொல்ல. திரையில் இரண்டு கர்சர் ஓடும். ஒன்றின் தலையில் இவர் பெயர், மற்றதன் தலையில் உங்கள் பெயர். இவர் ஒரு வரியில் நின்றால் நீங்கள் அதே வரிக்கு வருவீர்கள். நீங்கள் கீழே போனால் இவர் பின்னாலேயே போவார். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் நான் எத்தனை முறை வந்து பார்த்திருக்கிறேன் தெரியுமா. தாகமே இல்லாத மனிதருக்கு அவ்வளவு தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் இவர் உங்களை மேடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மேடம் உதிர்ந்துவிட்டது. கேட்டால், கம்பெனியில் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், முதலாளியையே சுதர்ஷன் என்றுதான் கூப்பிடுகிறோம் என்றார். சரி, நாகரிகம் என்று விட்டேன். நீங்கள் இவரைத் துரை என்கிறீர்கள். துரை, அது சரியாக்கும். துரை, அங்கே பார்த்தேளா. இப்போது இவரும் வீட்டில் சரியாக்கும் என்கிறார். சங்கரன்கோவில்காரர், சரியாக்கும் என்கிறார்.

இந்தத் துரை விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். எழுதலாம், சொல்லக் கூடாது. இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தியா என்று நீங்கள் சிரிக்கலாம். பழகிவிட்டது, நாக்கு வராது. அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

இவர் தோப்பும்படியில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தார். படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. ஹோட்டலில் ஆர்டர் எடுக்கக் கையில் பிடிக்கிற மெஷின் வாங்கிப்போட்டார்கள், அது அடிக்கடி நின்றுபோகும். அதைச் சரிசெய்ய உங்கள் கம்பெனியிலிருந்து யூசுப் வருவார். மெஷின் ஏன் நிற்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று இவர் யூசுப்பைக் கேள்வி கேட்டே துளைத்திருக்கிறார். தொல்லை தாங்காமல் யூசுப் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்து, நீயே பார்த்துக்கொள் என்று விட்டார். மதியக் கூட்டம் முடிந்து சாயங்காலக் கூட்டம் தொடங்குவதற்குள் ஹோட்டலில் பிரேக் உண்டு. மற்ற சப்ளையர்கள் தூங்குவார்கள். இவர் வீட்டுக்கு ஓடிவந்து லேப்டாப்பைத் திறப்பார்.

சொல்லிக்கொடுக்கிற வீடியோக்களைத் தமிழில் பார்த்தார். ஆனால் தப்பு நடந்தால் சிவப்பில் வருகிற எரர் தமிழில் வராதே. சிவப்பு எழுத்தைக் கண்டாலே இவருக்குக் கண் இருட்டும். நான் தென்காசியில் கான்வென்டில் ப்ளஸ் டூ வரை படித்தவள். அதனால் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார். இவர் அடிப்பார், சிவப்பு வரும், நான் வாசித்து அர்த்தம் சொல்வேன். திரையைப் பார்க்க மாட்டார், என் வாயைத்தான் பார்ப்பார். இந்த வரியில் ஏதோ ஒன்றை மூடவில்லையாம், இந்தப் பெயரில் எதுவும் இல்லவே இல்லையாம் என்று நான் சொல்லச் சொல்ல இவர் திருத்துவார். எனக்குப் புரோகிராம் தெரியாது. ஆனால் எந்த எரர் மிரட்டுவது, எந்த எரர் சும்மா முணுமுணுப்பது என்று தெரியும்.

ஒரு தடவை ஒரு வாரம் முழுக்க எதுவும் ஓடவில்லை. ஒரே எரர் திரும்பத் திரும்ப வந்தது. இன்ன இடத்தில் தேடினேன், அப்படி ஒரு இடமே இல்லை என்கிறது. அந்த இடத்தின் விலாசத்தில் இவர் பெயர் வரும். நான் பெயரைச் சொல்ல மாட்டேனே, அந்த இடம் வந்ததும் 'இவர்' என்று வாசிப்பேன். சி, யூசர்ஸ், இவர், காணவில்லை. இப்படியே வாசித்தேன். இவர் எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டுப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார், எனக்கு இது ஆகாது என்று லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டார். கடைசியில் யூசுப் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். லேப்டாப்பில் இவர் பெயரைத் தங்க என்று ஒரு சொல்லாகவும் துரை என்று ஒரு சொல்லாகவும் நடுவில் இடம் விட்டுப் போட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டருக்குப் பெயர் அறுந்துபோய், தங்க என்று மட்டும் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. எரரில் பாதிப் பெயர்தான் இருந்தது. பாதியோ முழுசோ, எனக்கு இரண்டும் 'இவர்'தானே.

அன்றைக்கு இவர் என்னைத் திட்டவில்லை. எரருக்குள் வந்தால் மட்டும் பெயரைச் சொல்லலாம் என்று எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டார். மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்து, சிவப்பு எழுத்தைப் பார்த்து, தங்கதுரை என்று வாய்விட்டு வாசித்தேன். பொன்மணி பிறந்தபிறகும் சொல்லாத பெயர். எனக்குக் காது வரை சூடேறியது. இவர் வேண்டுமென்றே அன்றைக்கு நாலு தப்பு அதிகமாகச் செய்தார்.

முதன்முதலில் இவர் செய்து முடித்தது என் சாப்பாட்டுக் கடைக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம். இன்றைக்கு என்ன குழம்பு என்று போனில் பார்த்து, வேண்டும் என்றால் தட்டலாம். இடப்பள்ளியில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டபோது என்ன டிகிரி என்று கேட்டிருக்கிறார்கள். இவர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறார். அங்கேயே உட்கார வைத்து, இதில் மீன் வேண்டாதவர்களுக்குத் தனியாக ஒரு பட்டன் போடு என்று சொல்லியிருக்கிறார்கள். போட்டார். வேலை கிடைத்தது. சப்ளையர் புரோகிராமர் ஆனார். நான் மண்டிக்காரர்கள் எல்லாருக்கும் அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்ததும் இவரை உங்களிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனியில் தமிழ் பேசுகிறவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான் என்பதால் என்று நினைக்கிறேன். கொஞ்ச நாளில் ஸ்டூல்மேல் இன்டர்நெட் பெட்டி ஏறி உட்கார்ந்துவிட்டது. கரண்ட் போனாலும் ஓடுவதற்கு ஒரு பேட்டரி, அதுவும் ஸ்டூல்மேல். என்னை எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. உட்கார இடமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஸுப்ரியா மேடம், எனக்கு உங்கள்மேல் பொறாமை. இதைவிட நயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அம்மா, நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் மகளும் என் வீட்டுக்காரரும் அப்படி இப்படி என்று நான் சந்தேகப்படவில்லை. இவரைப் பற்றி எனக்குத் தெரியும், உங்கள் மகளைப் பற்றியும் இந்த ஒன்றரை வருஷமாகக் கேட்டுக் கேட்டுத் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஒரு சண்டையில் தீர்ந்துவிடும். இது அப்படித் தீராது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், என்னைவிட நன்றாக இருக்கிறீர்கள். அதுதான் எரிகிறது.

துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்று நான் சொன்னால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர் இவர். நீங்கள் இவர் எழுதியதில் இங்கே சரியில்லை, அங்கே சரியில்லை என்று பக்கம் முழுவதும் குறிப்பு எழுதி அனுப்பினால் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார். நல்லதுக்குத்தானே சொல்கிறார் என்கிறார். ஒரு நாள் நீங்கள் ஒன்றும் குறை சொல்லாமல் வெறுமனே ஒரு கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பியிருந்தீர்கள். அன்றைக்கு இவர் பொன்மணியைத் தூக்கிச் சுற்றினார். என் சாப்பாடு நன்றாக இருந்தது என்று இவரை ஒரு தடவை சொல்ல வையுங்கள் பார்ப்போம்.

இவர் சோதனைக்காகப் போட்டுப் பார்க்கிற பொய் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் என் பெயர்தானாம். வீரலட்சுமி ஒன்று, வீரலட்சுமி இரண்டு என்று வரிசையாகப் பார்த்தேன். உங்களுக்கு அது பெரிய வேடிக்கை, எவ்வளவு ஆசையாகப் பெயர் வைத்திருக்கிறார் பாருங்கள் என்று நீங்களே இவரைக் கேலி செய்தீர்கள். நான் என்ன பார்த்தேன் தெரியுமா? வீரலட்சுமி பாஸ்வேர்டை மறக்கிறாள். வீரலட்சுமி விலாசம் போடாமல் ஆர்டர் செய்கிறாள். வீரலட்சுமி பணம் கட்டும்போது பாதியில் ஓடிப்போகிறாள். எல்லாத் தப்பும் அவள் செய்கிறாள், ஸுப்ரியா வந்து சரிசெய்கிறாள். எனக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

நானும் சும்மா இருக்கவில்லை. உங்கள் மீட்டிங் நேரம் பார்த்து வத்தல் மிளகாய் தாளித்திருக்கிறேன். கீழே மண்டியில் மிளகு சலிக்கிற நாளாகவும் சேர்ந்துவிட்டால் இவர் தும்மித் தும்மி மைக்கை அணைக்க வேண்டிவரும். மிக்ஸியில் அரைக்க ஒன்றுமே இல்லாமல் மிக்ஸி ஓட்டியிருக்கிறேன். நீங்கள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சேச்சி இன்றைக்கு என்ன சமையல், வாசனை இங்கே வரை வருகிறது என்றீர்கள். ஒரு மனுஷிக்குக் கோபப்படக்கூட இடம் கொடுக்காமல் இருப்பது நல்லதில்லை மேடம்.

பெங்களூர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே புதிதாகத் திறக்கிற ஆபீசுக்கு நீங்கள் தலைவியாகப் போகிறீர்கள், உங்களோடு வர இவரைக் கேட்டிருக்கிறீர்கள், முதல் ஆறு மாதம் கம்பெனி கொடுக்கிற இடத்தில் மற்ற ஆட்களோடு தங்க வேண்டும், குடும்பம் அப்புறம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது இவர் சொல்லி அல்ல. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டது. 'வீட்ல இன்னும் சொல்லல ஸுப்ரியா' என்றார் உங்களிடம். என்னிடம் சொல்லாததை உங்களிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை என்பதையும் உங்களிடம்தான் சொன்னார். அந்த எரிச்சலில்தான் வெள்ளிக்கிழமை லேப்டாப்பில் கை வைத்தேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், வேண்டாம். இவரைக் கூப்பிட வேண்டாம். பொன்மணி ஸ்கூல், என் வாடிக்கை எல்லாம் இங்கே இருக்கிறது. நீங்கள் போங்கள், நன்றாக இருங்கள். இவர் இங்கேயே இருக்கட்டும். நான் ஸ்டூலைத் துடைத்து வைத்துக்கொள்கிறேன்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். சாப்பாட்டுப் பாத்திரங்கள் திரும்பி வந்துவிட்டன. கழுவிவிட்டு வந்து முடிக்கிறேன்.

வியாழக்கிழமை காலை.

முடிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்க மனமில்லை. எழுதியது எழுதியதுதான், எல்லாம் நிஜம். ஆனால் பதில் மாறிவிட்டது.

நேற்று சாயங்காலம் இவரே வந்து பெங்களூர் விஷயத்தைச் சொன்னார். காலை மீட்டிங்கில் ஒப்பிப்பது மாதிரியே சொன்னார். கம்பெனி இப்படிக் கேட்டது, யோசித்தேன், போகவில்லை என்று சொல்லப் போகிறேன் என்று. எனக்கு ஒரு நிமிஷம் தலைகால் புரியவில்லை. உன்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சொல்லப் போகிறார், அதை வாயால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில், ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

'அங்க எல்லாரும் பெரிய பெரிய காலேஜ்ல படிச்சவங்க வீரா. இங்க ஸுப்ரியா பக்கத்துல இருக்கறதால வண்டி ஓடுது. அங்க அவங்க லீடு, என்கூட உக்கார அவங்களுக்கு நேரம் இருக்காது. ரெண்டே வாரத்துல என்னைக் கண்டுபிடிச்சிருவாங்க' என்றார்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, நீங்கள் என்ன திருடிவிட்டா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஓணத்துக்கு ஆபீசில் நீங்கள் எல்லாரும் இலை போட்டுச் சாப்பிட்டீர்களே, அன்றைக்கு யாரோ புதுப் பையன் எந்தக் காலேஜ் என்று கேட்டிருக்கிறான். இவர் தோப்பும்படி என்றிருக்கிறார். தோப்பும்படியில் இன்ஜினியரிங் காலேஜ் உண்டோ என்று அவன் மெய்யாகவே கேட்டிருக்கிறான். இதை இவர் அன்றைக்கே என்னிடம் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் ஓணச் சாப்பாட்டுக்குப் போய் வந்தவர் வந்ததுமே தட்டில் சோறு போடச் சொன்னபோது அங்கே இலையில் கை வைக்கவே இல்லை என்று புரிந்துகொண்டேன். அந்தப் பையன் கேட்டது இன்னும் இவருக்குள் இருக்கிறது.

ஸுப்ரியா, எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். இவர் போகாமல் இருக்கிறார், நான் கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது. ஆனால் போகாமல் இருப்பதற்குக்கூட நான் காரணம் இல்லை. அதற்கும் நீங்கள்தான் காரணம்.

நான் இவரிடம் சொன்னேன். உங்களுக்கு ஸுப்ரியா தேவையில்லை, நான் தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன். உள்ளபடியே சொன்னேன். பொறாமைக்காரியின் காது சாதாரணக் காது இல்லை. முதல் வருஷம் நீங்கள் பேசுவீர்கள், இவர் ம், சரி, ம் என்பார். இந்த ஓணத்துக்குப் பிறகு இவர்தான் பேசுகிறார். நீங்கள் ம் என்கிறீர்கள். நடுவில் ஒரு தடவை, அது எனக்குத் தோணலையே துரை என்றீர்கள். மதியம் எந்த ஊரில் எந்த ஹோட்டலில் மெஷின் பில் அடிக்காமல் நின்றாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், உங்களைக் கூப்பிடாமல், தனியாகவே சரிசெய்துவிட்டு ஆறிப்போன சோற்றுக்கு வருகிறார். இதெல்லாம் நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

'உனக்கு இதுல என்ன தெரியும்' என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டியவளைப் பார்த்துச் சொன்னார். நான் எழுந்துபோய் நாளைக்கு அரிசி களைந்து ஊறவைத்தேன். வேறு என்ன செய்வது?

காலையில் இவர் ஆபீசுக்குக் கிளம்பிப் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இப்படிப் பயந்துகொண்டு இங்கேயே இருந்தால் இவர் என் பக்கத்தில் இருப்பார், நிஜம். ஆனால் நீங்கள் போன பிறகு வருகிற புது ஆள் யாராக இருந்தாலும் அவரிடம் மறுபடி தோப்பும்படி என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். மெஷின் ஏன் நிற்கிறது என்று யூசுப்பைக் கேட்டே துளைத்த மனிதரை எனக்குத் தெரியும். அந்த மனிதரைத்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலை குனிந்து உட்கார்ந்திருப்பவரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆகவே நீங்கள் கூப்பிடுங்கள். வெறுமனே கூப்பிட்டால் வர மாட்டார். உங்களை நான் தூக்கி நிறுத்தவில்லை துரை, நீங்கள் எப்போதோ தனியாக நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் ஓடினாலும் கொஞ்ச நாளாக யார் முன்னால் ஓடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்கள். நான் சொன்னால் உனக்கு என்ன தெரியும் என்பவர், நீங்கள் சொன்னால் நம்புவார். இதை எழுதும்போதுகூட எனக்கு எரிகிறது. எரியட்டும். காரியம் நடந்தால் போதும்.

நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம். பொன்மணிக்குப் பரீட்சை முடியட்டும், நாங்களும் வருவோம். பெங்களூரிலும் மதியம் ஆட்களுக்குப் பசிக்கும்தானே. அங்கே இவருக்கு மோர் இல்லாமல் சோறு இறங்காது, சொன்னால் கேட்க மாட்டார், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஃபேனுக்குக் கீழே உட்காருவார். இதையெல்லாம் நீங்கள் கவனிக்க வேண்டியதில்லை. தயவுசெய்து கவனிக்க வேண்டாம்.

ஒரே ஒரு உபகாரம் மட்டும் கேட்கிறேன். அம்மா, இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசித்துக் காட்டுங்கள், உங்கள் மகளுக்குத் தமிழ் சரியாகப் புரிய வேண்டும்.

ஸுப்ரியா, அங்கே போன பிறகு எல்லா எரரையும் அன்றன்றைக்கே சரிசெய்துவிடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை என்று தெரியும். ஆனாலும் சாயங்காலம் கிளம்பும்போது ஒன்றே ஒன்றை விட்டு வையுங்கள். ரொம்பப் பெரியதாக வேண்டாம், சின்னதாக இருந்தால் போதும். இது என்னவென்று எனக்கும் புரியவில்லை துரை, வீட்டில் வாசித்துக் காட்டச் சொல்லிப் பாருங்களேன் என்று மட்டும் சொல்லுங்கள். படம் எடுத்து அனுப்புவார், நான் போனில் வாசிப்பேன். இப்போது அவருக்கே நன்றாக வாசிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி அவர் கேட்கட்டும்.

பெங்களூரில் நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கி, உங்கள் அம்மா மனம் குளிரும்படி நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சேச்சி,
வீரலட்சுமி.